பருவம் மாதத்தைத் தொடும், நட்சத்திரத்தைத் தொடாது

காரைக்குடிப் பக்கம் சாந்திக் கல்யாணப் பத்திரிகை வந்தால் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும். இந்த வருஷம், ஆவணி மாதம், இத்தனாம் தேதி, ரோகிணி நட்சத்திரம் கூடிய சுபதினத்தில் என்று. வயது அறுபதோ எழுபதோ எண்பதோ, நகரத்தார் வீட்டில் ஆங்கிலத் தேதியைப் பார்த்துச் சாந்தி வைப்பதில்லை. பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத்தான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அதனால் எனக்கு இந்த வரியின் மேல் தனிப் பிரியம். ஆவணி என்பது சூரியனின் கணக்கு. ரோகிணி என்பது சந்திரனின் கணக்கு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வெயில், மழை, கல்யாண முகூர்த்தம், விரதம், ஊர்த் திருவிழா எல்லாம் சேர்ந்து அந்த வரியின் முதல் பாதியைத்தான் அசைக்கும். இரண்டாம் பாதியை அவற்றால் தொட முடியாது.

சென்ற தை மாதம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். சென்னையிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர், "ஆச்சி, உலகத்திலேயே கன்னி ராசிக்காரவுகதான் அதிகமாம். செப்டம்பர்லதான் பிள்ளைக கூடுதலாப் பிறக்குதாம். அதான் நம்ம வீட்லயும் இத்தனை கன்னி" என்றார். செப்டம்பரைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, சில நாடுகளுக்கு. கன்னியைப் பற்றிச் சொன்னது மேல்நாட்டு ராசிக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். நம் வீட்டைப் பற்றிச் சொன்னதற்கும் செப்டம்பருக்கும் சம்பந்தமே கிடையாது. அன்றைய இரைச்சலில் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவில் 1994 முதல் 2014 வரையிலான பிறப்புப் பதிவுகளை நாள்வாரியாகக் கூட்டிப் பார்த்தபோது, அதிகம் பேர் பிறந்த நாளாக வந்தது செப்டம்பர் 9. பிப்ரவரி 29-ஐ விட்டுவிட்டால் மிகக் குறைவாக வந்தது டிசம்பர் 25. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கில் 1995 முதல் 2014 வரை முதலிடம் செப்டம்பர் 26-க்கு. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் கருத்தரித்த நாள் கிறிஸ்துமஸை ஒட்டிப் போய் நிற்கும். குளிர்காலம், நீண்ட விடுமுறை, குடும்பம் ஒன்றாக இருக்கும் நாட்கள். டிசம்பர் 25 காலியாக இருப்பதற்குக் காரணம் வேறு. அன்று மருத்துவமனைகள் தேதி குறித்துச் செய்யும் அறுவைப் பிரசவங்களை வைத்துக்கொள்வதில்லை. ஆக, பருவம் ஒரு பக்கம், மருத்துவமனையின் வேலைநாள் ஒரு பக்கம் என்று இரண்டு கைகள் சேர்ந்து வரைந்த கோடு அது.

மேல்நாட்டு வழக்கில் ராசி என்றால் பிறந்த அன்று சூரியன் இருக்கும் ராசி. ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 22 வரை பிறந்தவர்கள் எல்லாரும் அவர்களுக்குக் கன்னி. அதனால் செப்டம்பரில் பிறப்பு கூடினால் கன்னி கூடும், அவ்வளவுதான். அதிலும் இங்கிலாந்தின் செப்டம்பர் 26 துலாமில் போய் விழுகிறது.

நம் பஞ்சாங்கத்துக்கு வந்தால் அதே செப்டம்பர் 9 ஆவணி மாதம். சூரியன் இன்னும் சிம்மத்தில் இருப்பார். கன்னிக்குப் போவது புரட்டாசி பிறந்தபிறகு, செப்டம்பர் 17 வாக்கில். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? மேல்நாட்டார் மேஷத்தை வசந்த சமநாளிலிருந்து, அதாவது மார்ச் 20 அல்லது 21-லிருந்து தொடங்குகிறார்கள். நாம் வானத்து நட்சத்திரங்களை வைத்துத் தொடங்குகிறோம். பூமியின் அச்சு பம்பரம் போலச் சுற்றுவதால் சமநாள் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு பாகை பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இன்று இரண்டுக்கும் இடைவெளி சுமார் 24 பாகை. இதைத்தான் அயனாம்சம் என்கிறார்கள். சித்திரை முதல் தேதி ஏப்ரல் 14-க்கு வந்து நிற்பது இதனால்தான்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் இன்னொன்று உண்டு. தினசரிக் காலண்டரில் 'இன்றைய ராசிபலன்' பார்க்கும்போது நாம் எந்த ராசியைத் தேடுகிறோம்? சூரியன் இருந்த ராசியை நம்மில் யாரும் கேட்டதில்லை. நாம் பிறந்தபோது சந்திரன் நின்ற ராசிதான் நமக்கு ஜென்ம ராசி. 'உன் ராசி என்ன' என்று இங்கே கேட்டால் அது சந்திரனைப் பற்றிய கேள்வி. செப்டம்பர் பிறப்புக்கும் நம் வீட்டுக் கன்னி ராசிக்கும் நடுவில் பாலம் இல்லாமல் போவது இந்த இடத்தில்தான்.

முதலில் சூரியனை முடித்துவிடலாம். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடும். ஜூலைத் தொடக்கத்தில் தூரத்தில் போய் மெதுவாக நகரும். நம் மாதங்களின் நீளம் இதை அப்படியே காட்டுகிறது. சூரிய சித்தாந்தக் கணக்குப்படி ஆனி மாதம் 31 நாள் 36 நாழிகை (நாழிகை என்றால் 24 நிமிஷம்). மார்கழி 29 நாள் 20 நாழிகை. வருஷம் பூராவும் ஒரே சீராகப் பிள்ளைகள் பிறந்தாலும் ஆயிரத்தில் 87 பேர் சூரியன் மிதுனத்தில் இருக்கும்போதும், 80 பேர் தனுசில் இருக்கும்போதும் பிறப்பார்கள். மாதப் பெயர்களைத் தினம் புழங்கும் நமக்குக்கூட, ஆனிக்கு ஏன் 32 தேதி வருகிறது என்று கேட்டால் உடனே சொல்ல வராது. என் வகுப்பில் வருஷம் தவறாமல் இதைக் கேட்பேன்.

இதற்கு மேல்தான் பருவம் வருகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கடும் வெயில் அடித்த நாட்களிலிருந்து எட்டு, ஒன்பது, பத்து மாதம் கழித்துப் பிறப்பு குறைவதை ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வட இந்தியாவில் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பிறப்பு கூடுகிறது. வெப்பம் மட்டும் காரணம் இல்லை. அறுவடை, கையில் காசு, கல்யாணங்கள் நடக்கும் மாதம், பிழைக்கப் போனவர் ஊர் திரும்பும் மாதம் எல்லாம் இதில் சேரும்.

நம் ஊரில் இதற்கு வெளிப்படையாகத் தெரியும் வழக்கம் ஆடி அழைப்பு. கல்யாணமான முதல் வருஷம் ஆடி பிறப்பதற்கு முன்னால் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடுவோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கரு உண்டானதிலிருந்து பிரசவம் வரை சராசரி 266 நாள். ஆடி 1, ஜூலை 17. அங்கிருந்து 266 நாள் போனால் ஏப்ரல் 9. ஆடி முடிவு ஆகஸ்ட் 16. அதற்கு மே 9. ஆக, ஆடியில் தரித்தால் பெரும்பாலும் சித்திரையில் பிரசவம். மின்விசிறி இல்லாத காலத்தில், கண்மாய் வற்றி, ஊருணித் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போன அக்கினி நட்சத்திரத்தில், முதல் பிள்ளை பெற்றவளை வைத்துக்கொண்டு ஒரு வீடு என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்தால் இந்த வழக்கத்தின் கரிசனம் புரிகிறது. 'சித்திரையில் மூத்த பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது' என்று அதற்கு ஒரு பயத்தைப் பூசியதுதான் எனக்கு ஒப்பாதது. பிறந்துவிட்ட குழந்தை என்ன செய்யும்? எப்படியானாலும் இந்த வழக்கம் தொடுவது மூத்த பிள்ளையை மட்டும், கல்யாணமான முதல் வருஷத்தில் மட்டும். அது குறைப்பதும் சூரியன் மேஷத்தில் இருக்கும் பிறப்புகளைத்தான். மேஷ ஜென்ம ராசியை அது குறைக்காது.

இன்னொரு பக்கம் மார்கழி. மேல்நாட்டில் டிசம்பர் கடைசி குடும்பம் கூடும் காலம். நம் பக்கம் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டால் மண்டலம் முடியும்வரை, பலருக்கு மகரவிளக்கு வரை விரதம். அது கழிந்தால் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, காவடி, அதற்கும் விரதம். மார்கழியில் கல்யாணமும் கிடையாது. கார்த்திகை மார்கழியிலிருந்து 266 நாள் எண்ணினால் ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை வரும். அமெரிக்கக் கணக்கில் உச்சம் காட்டும் அதே வாரங்கள்! ஒரு பண்பாட்டில் கூட்டும் மாதம் இன்னொன்றில் அடக்கும் மாதமாக இருக்கிறது. தையில் கல்யாணம் ஆனவர்களுக்கு உடனே தரித்தால் ஐப்பசி. வைகாசிக் கல்யாணத்துக்குத் தை, மாசி. எந்த மாதத்தில் பிள்ளைகள் கூடுவார்கள் என்று வானத்தைவிட முகூர்த்த நாள் பட்டியல்தான் நன்றாகச் சொல்லும்.

செட்டிநாட்டுக்கென்று தனிப்பட்ட பருவம் ஒன்றும் இருந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போன காலம். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று கடைக்குப் போன ஆட்களுக்கு மூன்று வருஷக் கணக்கு. வீட்டுப் பெண்கள் ஊரில். கணக்கு முடித்துக் கப்பலில் ஊர் வந்து இறங்கினால்தான் வீட்டைப் பார்க்க முடியும். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பெட்டகத்தில் ஒரு நோட்டு வைத்திருந்தார், சிவப்புத் துணி அட்டை போட்டு, பேரேடு மாதிரி நீளமாக. வீட்டில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். வருஷம், மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், உதயாதி நாழிகை. ஐயாவின் பிள்ளைகள் நால்வரும் மூன்று மூன்றரை வருஷ இடைவெளியில் வரிசையாக நிற்பார்கள். ஐயா ஊருக்கு வந்ததும் போனதும் அதே நோட்டில் வேறு மசியில் எழுதியிருக்கும். ஒவ்வொரு வருகைக்கும் பிறகு, வருஷம் திரும்புவதற்குள், ஒரு பிறப்பு. 1942-இல் பர்மாவிலிருந்து எல்லாரும் திரும்பிய பிறகு எங்கள் நோட்டில் அந்த ஒழுங்கு கலைந்துபோகிறது. பருவம் என்றால் மழையும் வெயிலும் மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு, கப்பலும் ஒரு பருவம்தான் என்று காட்டிய நோட்டு அது.

இப்போது சந்திரனுக்கு வருவோம். சந்திரன் பன்னிரண்டு ராசியையும் 27 நாள் 8 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் சுற்றி முடித்துவிடுவார். ஒரு ராசிக்குச் சராசரி 54½ மணி. ஐப்பசியில் பிறப்பு கூடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் சந்திரன் மேஷம் முதல் மீனம் வரை ஒரு முழுச் சுற்று வந்து, மேற்கொண்டு கொஞ்சம் ஓடியும் விடுகிறார். கூடுதலாகப் பிறந்த பிள்ளைகள் பன்னிரண்டு ராசிக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்காகிவிடுவார்கள். சூரியன் ஒரு வீட்டில் ஒரு மாதம் தங்குபவர், அதனால் அந்த மாதத்தின் கூட்டம் முழுக்க அவர் கணக்கில் ஏறும். சந்திரன் எந்த வீட்டிலும் மூன்று நாள் தங்குவதில்லை. பருவத்தின் பிடி அவர்மேல் விழாததற்கு இதுதான் காரணம்.

ஒரு நுணுக்கம் உண்டு. சந்திரன் பாதையும் நீள்வட்டம். பூமிக்கு அருகில் வரும்போது ஒரு ராசியை 48 மணிக்குள் கடந்துவிடுவார். தூரத்தில் இருக்கும்போது 60 மணியும் ஆகும். அதனால் ஒரு குறிப்பிட்ட வருஷத்தில் பிறந்தவர்களை மட்டும் எடுத்தால், ஏதோ ஒரு ராசி பத்து சதவீதம் போலக் கூடி, அதற்கு எதிர் ராசி அதே அளவு குறைந்திருக்கும். ஒரே வகுப்பில் படித்தவர்களிடம் இது லேசாகத் தெரியலாம். ஆனால் அந்தத் தூரப்புள்ளியே ஒன்பது வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக, 8.85 வருஷத்தில், ராசிமண்டலத்தை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அண்ணன் வகுப்பில் கூடிய ராசி தம்பி வகுப்பில் குறையும். ஊர் முழுவதையும் சேர்த்தால் ஒவ்வொரு ராசிக்கும் நூற்றுக்கு 8.33, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் 3.7. நட்சத்திரங்களில் அரிதானது, மலிவானது என்று ஒன்று கிடையாது.

பருவம் சந்திர ராசிக்குள் நுழைய ஒரே வாசல் திதி. சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளிதான் திதி. மாதமும் திதியும் தெரிந்தால் ராசி ஏறத்தாழத் தெரிந்துவிடும். கிருஷ்ணர் பிறந்தது ஆவணி, தேய்பிறை அஷ்டமி. சூரியன் சிம்மத்தில். தேய்பிறை அஷ்டமி என்றால் சந்திரன் சூரியனுக்கு 270 பாகை போல முன்னால், அதாவது ஒன்பது வீடு தள்ளி. சிம்மத்தை விட்டுவிட்டு ஒன்பது வீடு எண்ணுங்கள், ரிஷபம் வரும். ரோகிணி ரிஷபத்தில்தான் இருக்கிறது. புராணத்தில் சொன்ன மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சரி, பௌர்ணமியிலோ அமாவாசையிலோ பிரசவம் கூடுகிறது என்றால், அப்போது மாதத்தின் ஏற்ற இறக்கம் ராசிக்குள்ளும் கசியும். பௌர்ணமியில் பிரசவ வார்டு நிரம்பும் என்று நர்ஸம்மாக்கள் சொல்வதுண்டு. பெரிய எண்ணிக்கையில் பிறப்புகளை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. ஆனால் இன்றைக்கு வேறொரு கசிவு வந்திருக்கிறது. நாள் குறித்துச் செய்யும் அறுவைப் பிரசவத்தில் அஷ்டமி, நவமி, அமாவாசையைத் தள்ளிவிடுகிறார்கள். கிருஷ்ணர் பிறந்த அஷ்டமியையும் ராமர் பிறந்த நவமியையும்!

அறுவைப் பிரசவத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் 63.8. இது லக்னத்தைப் பெரிய அளவில் மாற்றுகிறது.

லக்னம் என்பது பிறந்த நொடியில் கிழக்கு அடிவானத்தில் எழும் ராசி. ஒரு நாளில் பன்னிரண்டும் எழுந்துவிடும், ஆனால் சம நேரத்தில் எழுவதில்லை. காரைக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து பாகையில் இருக்கிறது. நம் பக்கத்துப் பஞ்சாங்கத்தின் ராசிமான வாய்பாட்டில் மேஷமும் மீனமும் 4¼ நாழிகை, ரிஷபமும் கும்பமும் 4¾, மிதுனம், சிம்மம், விருச்சிகம், மகரம் 5¼, கன்னியும் துலாமும் 5, கடகமும் தனுசும் 5½. கூட்டினால் சரியாக 60 நாழிகை. 4¼ நாழிகை என்றால் 102 நிமிஷம். 5½ என்றால் 132 நிமிஷம். ஆக, மீன லக்னத்தில் நூறு பேர் பிறக்கும் இடத்தில் தனுசு லக்னத்தில் நூற்று முப்பது பேர் பிறப்பார்கள். வடக்கே போகப் போக இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடும். 'எது அதிகம்' என்று கேட்டால் உண்மையான, பெரிய விடை இருக்கும் இடம் லக்னம்தான். யாரும் அதைக் கேட்பதில்லை.

சூரியன் உதிக்கும்போது எழும் லக்னம் சூரியன் இருக்கும் ராசியேதான். சித்திரை நடுவில் காலை ஆறு மணிக்கு மேஷம். இயல்பாக வலி எடுத்துப் பிறக்கும் பிறப்புகள் விடியற்காலையில் கூடுதல். இங்கிலாந்தில் 2005 முதல் 2014 வரை ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளைப் பார்த்ததில் அதன் உச்சம் காலை நாலு மணி வாக்கில் இருந்தது. நாலு மணி என்றால் சித்திரையில் மீன லக்னம். அறுவை அறையோ காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. அதே சித்திரையில் அந்த நேரத்தில் எழுவது மிதுனமும் கடகமும். ஐப்பசியில் பார்த்தால் தனுசும் மகரமும். என் ஆயா பிறந்த காலத்துக்கும் என் பேத்தி பிறந்த காலத்துக்கும் நடுவில், ஒரே மாதத்தில் பிறக்கும் பிள்ளைகளின் லக்னம் மூன்று நாலு வீடு தள்ளிப் போய்விட்டது. மருத்துவமனை நேரம் ஒரே இடத்தில் நிற்பதால், எந்த மாதத்தில் பிறப்பு கூடுகிறதோ அதற்கேற்ற லக்னமும் கூடும். பருவம் ஜாதகத்துக்குள் இப்படி வாசல் கண்டுபிடித்திருக்கிறது.

இதையெல்லாம் அரசாங்கச் சான்றிதழை வைத்து எண்ணப் புறப்பட்டால் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. என் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த தேதி ஜூன் 1. ஐயாவின் நோட்டில் மாசி மாதம். பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிறைய வேண்டும் என்று அன்றைய வாத்தியார் போட்ட தேதி அது. அந்தத் தலைமுறையில் மே, ஜூன் மாதங்களில் 'பிறந்தவர்கள்' ஊருக்கு ஊர் ஏராளம். சான்றிதழை நம்பிச் சூரிய ராசி எண்ணினால் ரிஷபம் ஊதிப்போய் நிற்கும். அந்த ஊதலுக்குப் பருவம் காரணம் இல்லை, பள்ளிக்கூடம் காரணம். 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்து, மருத்துவமனைப் பிரசவமும் வழக்கமான பிறகுதான் இந்தத் தேதிகள் மெல்ல நேரானது.

'அப்படியானால் நம்ம வீட்ல ஏன் ஆச்சி இத்தனை கன்னி' என்ற தம்பிக்குப் பதில், தற்செயல். ஐயாவின் நோட்டில் 23 பேர். கன்னியில் நாலு பேர். துலாமில் ஒருவரும் இல்லை. முதலில் பார்ப்பவருக்கு ஏதோ விசேஷம் போலத் தோன்றும். 23 பேரைப் பன்னிரண்டு பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாக ஒன்றிரண்டு பெட்டி காலியாகத்தான் நிற்கும். ஒரு பெட்டியில் நாலைந்து விழுவதும் சாதாரணம். அறுநூறு பேர் உள்ள ஊரில்கூட, ஒரு ராசிக்கு ஐம்பது என்ற சராசரியைச் சுற்றி நாற்பதும் வரும், அறுபதும் வரும்.

இதுவரை சொன்னது எல்லாம் கணக்கு. இதை நான் இவ்வளவு தூரம் இழுத்து எழுதுவதற்குக் காரணம் என் அண்ணன் மகள்.

அவளுக்கு மூல நட்சத்திரம். வரன் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து ஜாதகம் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு வீட்டில், பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்பே "மூலமா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்கள். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது என்று ஒரு பட்டியல் நம்மிடம் இருக்கிறது. 27-இல் 4. பிறக்கும் பெண்களில் ஏழில் ஒருத்தியை ஊர் ஒன்றும் அறியாத வயதிலேயே ஒதுக்கி வைக்கிறது. செவ்வாயைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் மோசம். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 என்று ஐந்து வீடுகளில் செவ்வாய் நின்றால் தோஷம் என்கிறோம். பன்னிரண்டில் ஐந்து என்பது நூறு பேரில் நாற்பதுக்கு மேல்.

அண்ணனோடு நானும் ஒரு திருமணத் தகவல் மையத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர்தான். "ஆச்சி, இப்பல்லாம் மூலப் பொண்ணுக ரொம்பப் பிறந்துருக்கு. பாருங்க, பைலைப் புரட்டினா அதுவாத்தான் வருது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பைலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அது பிறப்புக் கணக்கு இல்லை, காத்திருப்புக் கணக்கு. மாதம் 27 பெண் ஜாதகம் புதிதாக வருகிறது, நட்சத்திரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் வரன் அமைகிறது. மூலத்துக்கு மட்டும் இரண்டு வருஷம் ஆகிறது. எந்த நாளில் பைலைத் திறந்தாலும் மற்ற 26 நட்சத்திரத்துக்கும் ஆறு ஆறாக 156 ஜாதகம் இருக்கும், மூலத்துக்கு 24 இருக்கும். மொத்தம் 180-இல் 24. பிறப்பில் 27-க்கு ஒன்றாக இருந்தது, பைலில் ஏழெட்டுக்கு ஒன்றாகத் தெரிகிறது. பைலில் மூலம் பெருகியது நாம் திருப்பி அனுப்பியதால். அதைக் காட்டியே இன்னும் நாலு பேர் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அவர் தாளை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்று சொல்கிறோமே, அதன் முதல் பாதி 'ஆனி மூலம் அரசாளும்' என்பது திரிந்ததுதான் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. 'பெண்' என்பதும் 'பின்' என்பதன் திரிபு, பிற்பாதத்தில் பிறந்தவர் எதிரிகளை நிர்மூலமாக்குவார் என்பது பொருள் என்பார்கள். மூலப்பாடம் எது என்று நான் வழக்காட வரவில்லை. ஆனி மூலம் என்ற சொல்லில் வானம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். ஆனியில் சூரியன் மிதுனத்தில். மூலம் தனுசில். ஆறு வீடு தள்ளி, நேர் எதிரே. அதாவது பௌர்ணமி.

என் அண்ணன் மகள் பிறந்தது ஆனி ஐந்தாம் தேதி, மூல நட்சத்திரம், தனுசு ராசி, தனுசு லக்னம். அண்ணன் காரைக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது நான் ஊர் வீட்டில் வளவில் நின்றிருந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்த நேரம். "பொண்ணு பிறந்திருக்கு" என்றது காதில் விழும்போது, கிழக்குப் பத்தியின் ஓட்டுக்கு மேலே, மஞ்சள் மாறாமல், முழு நிலா அப்போதுதான் ஏறி வந்தது.